கடிகாரம் செய்த தச்சர்

மலர்க் குழுத் தம்பி போன் செய்து, மாணவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தாருங்கள் சார் என்று கேட்டபோது எனக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. தொழில் முனைவோர் ஆவது எப்படி என்று ஆண்டுதோறும் யாராவது எழுதிவிடுகிறார்கள். இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். அறிவுரை சொல்லுகிற அளவுக்கு முனைந்துவிடவில்லை. ஆனால் சென்ற ஆண்டு சங்கத்தின் செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. மாணவர் புராஜெக்ட் கண்காட்சியில் முதல் பரிசுத் தொகையை இரண்டு மடங்கு ஆக்கலாம் என்று. நான் எழுந்து ஏதோ சொன்னேன். சாப்பாடு தயார் என்று அறிவித்த நேரம் அது. யார் காதிலும் விழவில்லை. அன்று சொல்ல வந்ததைத்தான் இங்கே ஒருவருடைய வாழ்க்கையை வைத்துச் சொல்லப்போகிறேன். அவர் பெயர் ஜான் ஹாரிசன். இறந்து 250 ஆண்டு ஆகிறது.

1693 மார்ச்சில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஃபௌல்பி என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா தச்சர். பிள்ளைக்கும் அதே உளி, அதே இழைப்புளி. சிறு வயதிலேயே குடும்பம் லிங்கன்‌ஷயரில் பாரோ என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. கல்லூரி வாசனை கிடையாது. ஊருக்கு வந்த ஒரு பாதிரியார், இந்தப் பையனுக்குப் படிப்பில் இருந்த தாகத்தைப் பார்த்து, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கோலஸ் சாண்டர்சன் நடத்திய இயற்பியல் பாடங்களின் கையெழுத்துப் பிரதியை இரவல் கொடுத்தார். ஹாரிசன் அதை வரி விடாமல், படங்கள் உள்பட, தன் கையால் பெயர்த்து எழுதிக்கொண்டார். அந்தப் பேராசிரியர் குழந்தைப் பருவத்திலேயே கண் பார்வை இழந்தவர் என்பது இன்னொரு ஆச்சரியம். ஹாஸ்டலில் பரீட்சைக்கு முதல் நாள் நாம் நோட்ஸ் காப்பி எடுத்ததற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் சொல்லவேண்டியதில்லை! ஹாரிசன் அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓரங்களில் குறிப்பு எழுதியபடியே இருந்தார்.

இருபது வயது நிறையும் முன்பே, 1713-ல், அவர் ஒரு கடிகாரம் செய்தார். ஏறக்குறைய முழுதும் மரம். பல்சக்கரம்கூட ஓக் மரம்தான். தச்சனுக்குத் தெரிந்தது மரம், அதனால் மரம். பல் ஒடியாதபடி மரத்தின் ரேகை எந்தத் திசையில் ஓடவேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் துண்டுகளைப் பொருத்தினார். பிறகு 1722 வாக்கில் பிராக்கில்ஸ்பி பார்க் என்ற ஜமீன் மாளிகையில் ஒரு கோபுரக் கடிகாரம் செய்து கொடுத்தார். அந்தக் காலத்து எண்ணெய் குளிரில் உறையும், வெயிலில் இளகும். கடிகாரம் தப்பாக ஓடுவதற்கு அதுவே முதல் காரணம். நல்ல எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, இவர் எண்ணெயே வேண்டாம் என்று முடிவு செய்தார். லிக்னம் விட்டே என்ற வெப்பநாட்டு மரத்தில் இயற்கையாகவே பிசுக்கு உண்டு. தேயும் இடங்களில் அந்த மரத்தை வைத்தார். அந்தக் கடிகாரம் அதே மாளிகையில் இன்றைக்கும் ஓடுகிறது.

தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து செய்த அடுத்த ஊசல் கடிகாரங்கள் மாதத்துக்கு ஒரு விநாடிதான் பிசகின. வெப்பத்தில் ஊசல் நீண்டுவிடாமல் இருக்கப் பித்தளைக் கம்பியும் எஃகுக் கம்பியும் மாற்றி மாற்றி வைத்து, ஒன்றின் நீட்சியை மற்றொன்று ஈடுகட்டும்படி அமைத்திருந்தார். சரி, மாதத்துக்கு ஒரு விநாடி என்று எதை வைத்து அளந்தார்? அதைவிடச் சரியான கடிகாரம் அந்தக் கிராமத்தில் ஏது? வீட்டு ஜன்னல் ஓரத்தையும் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியையும் ஒரே கோட்டில் பார்த்தபடி ராத்திரி ராத்திரியாக நின்றார். ஒரு குறிப்பிட்ட நட்சத்திரம் அந்தப் புகைபோக்கிக்குப் பின்னால் மறைவது ஒவ்வொரு நாளும் 3 நிமிடம் 56 விநாடி முன்னதாக நடக்கும். அதுதான் அவருடைய ஸ்டாண்டர்ட். கருவி இல்லை என்று புராஜெக்டைக் கைவிடுகிற தம்பிகள் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள்.

இப்போது அந்தப் பரிசைப் பற்றிச் சொல்லவேண்டும். நடுக்கடலில் கப்பல் வடக்கே தெற்கே எங்கே இருக்கிறது என்பதைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ வைத்துச் சொல்லிவிடலாம். கிழக்கே மேற்கே எங்கே என்பதுதான் அன்றைக்குப் பெரும் புதிர். ஒரு காலத்தில் நம் ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. பம்பாயின் சொந்த நேரம் அதைவிடச் சுமார் அரை மணி பின்தங்கியிருந்தது. அந்த அரை மணிதான் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தீர்க்கரேகை வித்தியாசம். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது, ஆக 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி. புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைக் காட்டிக்கொண்டே ஒரு கடிகாரம் கப்பலில் இருந்தால் போதும், கணக்கு முடிந்தது. ஆனால் ஆடுகிற கப்பலில், உப்புக் காற்றில், பனிக்கும் வெயிலுக்கும் நடுவே அப்படி ஓடக்கூடிய கடிகாரம் உலகத்திலேயே இல்லை. 1707-ல் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி ஆங்கிலக் கடற்படையின் நான்கு கப்பல்கள் மூழ்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714-ல் பாராளுமன்றம் சட்டம் போட்டது. அரை டிகிரிக்குள் தீர்க்கரேகை சொல்லும் வழி கண்டவருக்கு 20,000 பவுண்டு. அரை டிகிரி என்றால் 2 நிமிடம். ஆறு வாரக் கடல் பயணத்துக்கு நாளொன்றுக்கு 3 விநாடிதான் பிசகலாம்.

பரிசை வழங்க ஒரு வாரியமும் அமைத்தார்கள். அட்மிரல்கள், வானியலார்கள், பேராசிரியர்கள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். அந்த வாரியம் முதன்முதலில் கூடியது 1737-ல்! சட்டம் போட்டு 23 ஆண்டு கழித்து. இடையில் யாராவது உருப்படியான யோசனையோடு வந்தால் போய்ப் பார்ப்பதற்கு ஒரு மேஜை நாற்காலி கிடையாது.

1730-ல் ஹாரிசன் தன் வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார். அப்போது வயது 37. வாரியம் இருக்கும் இடம் தெரியாததால் கிரீன்விச் வானிலையத்துக்குப் போய், அரச வானியலார் எட்மண்ட் ஹேலியைப் பார்த்தார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்தாரே அதே ஹேலி. தன் சக உறுப்பினர்களான வானியலார்கள் கடிகாரத்தை ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஜார்ஜ் கிரஹாமைப் போய்ப் பார்க்கச் சொன்னார். லண்டனின் தலைசிறந்த கடிகாரக்காரர் கிரஹாம். ஹாரிசனுக்கோ உள்ளூரப் பயம். யோசனையைத் திருடுவதற்கு முழுத் தகுதி உள்ள ஒருவரிடமே எப்படிக் காட்டுவது? போதாக்குறைக்கு, வெப்பத்தால் கெடாத ஊசல் ஒன்றைக் கிரஹாமும் பாதரசம் வைத்துச் செய்திருந்தார். நேர்ப் போட்டியாளர்!

காலை பத்து மணிக்குப் போனார். தொடக்கத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பிறகு பேச்சு சூடுபிடித்தது. பித்தளை, எஃகு, உராய்வு, எண்ணெய் என்று ஒவ்வொன்றாக ஓடியது. இருவரும் பேசி முடித்தபோது இரவு எட்டு மணி. அங்கேயே சாப்பாடும் ஆயிற்று. புறப்படும்போது கிரஹாம் தன் சொந்தப் பணத்திலிருந்து கடன் கொடுத்தார். வட்டி இல்லை, ஈடு இல்லை. ஊர் பேர் தெரியாத ஒரு கிராமத்துத் தச்சருக்கு, அதுவும் இன்னும் செய்யாத ஒரு பொருளுக்காக!

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு நம் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் ஐயா நினைவு வரும். கடைசி வருஷம், 1975. நாங்கள் மூன்று பேர் நிலக்கடலை உடைக்கும் கருவி ஒன்று செய்யப் புறப்பட்டோம். ஸ்கிராப் குவியலில் இருந்து ஆங்கிள் எடுத்துக்கொள்ளச் சொன்னவர் அவர்தான். இரண்டு பேரிங் வாங்கத் தன் பையிலிருந்து 38 ரூபாய் எடுத்துத் தந்தார். ராத்திரி எட்டு மணி வரை ஷெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நாங்கள் செய்கிற தப்பையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கருவி பருப்பில் பாதியை நொறுக்கித் தள்ளியது. கண்காட்சியில் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. முதல் சம்பளத்தில் 38 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். உண்மையாகவே அவருக்கு மறந்து போயிருந்தது.

ஹாரிசன் ஐந்து ஆண்டு உழைத்து 1735-ல் முதல் கடல் கடிகாரத்தை முடித்தார். ஊசல் கப்பலில் ஆடாது என்பதால், இரண்டு கோல்களை எதிரெதிரே சுருள்வில்லால் பிணைத்து, கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் ஒன்றின் பிசகை மற்றொன்று திருத்தும்படி செய்திருந்தார். எடை 34 கிலோ. கிரஹாமே அதை ராயல் சொசைட்டிக்கு எடுத்துச்சென்று சிபாரிசு செய்தார். 1736-ல் லிஸ்பன் நகருக்கு வெள்ளோட்டம். திரும்பி வரும்போது கரை கண்ணில் பட்டது. இது ஸ்டார்ட் முனை என்றார் கப்பல் மாஸ்டர். இல்லை, லிசார்ட் முனை என்றார் ஹாரிசன். சுமார் 60 மைல் வித்தியாசம். தச்சர் சொன்னதுதான் சரியாக இருந்தது. மாஸ்டரும் அதை எழுதியே கொடுத்தார்.

இப்படித்தான் 1737-ல் அந்த வாரியம் முதன்முறையாகக் கூடியது. ஹாரிசன் அங்கே என்ன கேட்டிருக்கவேண்டும்? மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒரு சோதனைப் பயணம். அதைக் கேட்கவே இல்லை. தன் கடிகாரத்தில் உள்ள குறைகளைத் தானே எடுத்துச் சொல்லி, இதைவிடச் சிறியதாக, நல்லதாக இன்னொன்று செய்ய 500 பவுண்டு கேட்டார். பாதி இப்போது, பாதி பிறகு என்று கொடுத்தார்கள். இரண்டாவது கடிகாரம் இரண்டு ஆண்டில் முடிந்தது. அதிலும் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். கடலுக்கு அனுப்பவே மறுத்துவிட்டார். மூன்றாவதை எடுத்தார். 19 ஆண்டுகள்!

வாரியத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் இந்த 19 ஆண்டுக்கு ஹாரிசன்தான் பொறுப்பு என்பது என் அபிப்பிராயம். நன்றாக இருப்பதைக் கொண்டுபோய்க் காட்டாமல் இன்னும் நன்றாக, இன்னும் நன்றாக என்று இழைத்துக்கொண்டே இருக்கிற வியாதி நம் தொழிலில் பல பேருக்கு உண்டு. வாரியம் அவ்வப்போது 500 பவுண்டு கொடுத்தது, அதையும் சொல்லவேண்டும். 753 பாகங்கள் கொண்ட அந்த மூன்றாவது கடிகாரம் கடைசிவரை அவருக்குத் திருப்தி தரவில்லை. ஆனால் அதைச் செய்யும்போது வழியில் அவர் கண்டுபிடித்த இரண்டு சாமான்களை நாம் தினமும் தொடுகிறோம். ஒன்று பைமெட்டாலிக் ஸ்ட்ரிப். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடு ஏறியதும் தானாக அணைவது அதனால்தான். இன்னொன்று கேஜ் வைத்த ரோலர் பேரிங். என் பட்டறையில் அது இல்லாத மெஷின் கிடையாது.

1749-ல் ராயல் சொசைட்டி தன் மிக உயர்ந்த கோப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தது. 1751-ல் கிரஹாம் காலமானார். ஹாரிசனின் உச்சமான படைப்பை அவர் பார்க்கவில்லை.

அந்தப் படைப்பு வந்த விதமே வேடிக்கை. தன் சொந்த உபயோகத்துக்காக ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தைத் தான் சொன்ன மாதிரி செய்து தரும்படி ஜான் ஜெஃப்ரிஸ் என்ற கைவினைஞரிடம் 1753-ல் கேட்டார். அது எதிர்பார்த்ததைவிடப் பிரமாதமாக ஓடியது. பெரிய கடிகாரம்தான் கடலுக்கு ஏற்றது என்று நினைத்துக் கால் நூற்றாண்டு உழைத்தவர், சிறியது, வேகமாகத் துடிப்பதுதான் சரி என்று அறுபது வயதில் திசை மாறினார். 1759-ல் நான்காவது கடிகாரம் தயார். குறுக்கே 13 சென்டிமீட்டர், எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. இதைத்தான் இன்று எச்-4 என்கிறார்கள்.

1761 நவம்பரில் மகன் வில்லியம் அதை எடுத்துக்கொண்டு ஜமைக்கா புறப்பட்டார். வழியில் கப்பலில் இருந்த பீர் கெட்டுப்போய் மாலுமிகள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மதீரா தீவுகளை அடைந்தால்தான் வேறு பானம். தீவு எங்கே என்பதில் கேப்டனின் கணக்கு ஒன்று, கடிகாரத்தின் கணக்கு வேறு. இதே திசையில் போனால் நாளைக் காலை தீவு தெரியும் என்று வில்லியம் சாதித்தார். காலையில் தெரிந்தது. ஜமைக்கா போய்ச் சேர்ந்து சரிபார்த்தபோது 81 நாளில் கடிகாரம் பிசகியது 5.1 விநாடி. சட்டம் அனுமதித்தது 120 விநாடி!

பணத்தைக் கொடுத்துவிடவேண்டியதுதானே? தற்செயலாக அமைந்திருக்கலாம் என்றது வாரியம். மறுபடி ஒரு சோதனை. 1764-ல் பார்படாஸுக்கு. அங்கே அளவெடுக்க முன்கூட்டியே போய்க் காத்திருந்தவர்களில் ஒருவர் நெவில் மாஸ்கலின். நிலவுக்கும் நட்சத்திரங்களுக்கும் உள்ள தூரத்தை அளந்து தீர்க்கரேகை காணும் மாற்று முறையின் பெரிய ஆதரவாளர். 47 நாளில் 39.2 விநாடி பிசகு. தூரத்தில் பத்து மைல் அளவு. தேவையானதைவிட மூன்று மடங்கு துல்லியம். இதற்கும் முழுப் பரிசு இல்லை. 1765-ல் புதுச் சட்டம் வந்தது: கடிகாரத்தைப் பிரித்து ரகசியத்தை விளக்கினால் பாதி, மற்றவர்களும் அதேபோல் செய்யமுடியும் என்று நிரூபித்தால் மீதி. அதே ஆண்டு மாஸ்கலினே அரச வானியலார் ஆனார். வாரியத்தில் உறுப்பினரும் ஆனார்.

ஹாரிசன் பிரித்துக் காட்டினார், 10,000 பவுண்டில் பாக்கி இருந்ததைப் பெற்றுக்கொண்டார். 1766-ல் அவர் வீட்டில் இருந்த மூன்று பெரிய கடிகாரங்களையும் எடுத்துப்போக மாஸ்கலின் வந்தார். தூக்கும்போது முதல் கடிகாரத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். மற்றவை லண்டன் கல்பாவிய தெருவில் ஸ்பிரிங் இல்லாத வண்டியில் குலுங்கியபடி போயின. தன் முப்பது வருஷ உழைப்பு அப்படிப் போனதைப் பார்த்த 73 வயதுக் கிழவரின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

ஆனாலும் மாஸ்கலினை வில்லனாக்கிக் கதை சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர் தொடங்கிய கடல் பஞ்சாங்கம் ஏராளமான ஏழை மாலுமிகளுக்கு வழி காட்டியது. ஒரே ஒரு மனிதரால் மட்டும் செய்யமுடிகிற கடிகாரம் கடற்படைக்கு உதவாது என்று வாரியம் நினைத்ததிலும் நியாயம் உண்டு. லார்கம் கெண்டல் என்ற கைதேர்ந்தவர் எச்-4-ஐ அச்சு அசலாகச் செய்து 1769-ல் முடித்தபோது அதற்கு ஆன செலவு 500 பவுண்டு. அந்த விலைக்குக் கப்பலுக்குக் கப்பல் வைக்கமுடியுமா? என் ஆட்சேபணை வேறு. போட்டி முடிந்தபிறகு விதியை மாற்றினார்களே, அதுதான். கெண்டலின் பிரதியைக் கேப்டன் குக் 1772 முதல் 1775 வரை தென்துருவக் கடல்வரை கொண்டுபோய், மூன்றாண்டு கழித்து அதன் புகழைப் பாடிக்கொண்டே திரும்பினார். ஆனால் வாரியம் அதைக் கணக்கில் எடுக்கக் காத்திருக்கவில்லை. ஹாரிசனே இன்னும் இரண்டு செய்து காட்டவேண்டும் என்றிருந்தது. எண்பதை நெருங்கிய கிழவர், கண் மங்கிய நிலையில், மகனுடன் ஐந்தாவதைச் செய்து முடித்தார்.

கடைசியில் மன்னரிடம் முறையிட்டார்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தன் சொந்த வானிலையத்தில் 1772-ல் பத்து வாரம் அந்தக் கடிகாரத்தைச் சோதித்தார். நாளொன்றுக்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான் பிசகு. மன்னர் தலையிட, 1773-ல் பாராளுமன்றம் 8,750 பவுண்டு வழங்கியது. வாரியம் தந்த பரிசு அல்ல அது. பாராளுமன்றம் தந்த வெகுமதி. அந்தப் பெரும் பரிசு என்ற பெயரில் யாருக்கும் எதுவும் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. 1776 மார்ச் 24-ல் ஹாரிசன் காலமானார்.

பரிசு 20,000 பவுண்டு. கிரஹாம் கொடுத்தது அதன் முன்னே சில்லறை. இருந்தும் அந்தச் சில்லறை இல்லையென்றால் முதல் கடிகாரமே இல்லை. செயற்குழுவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நம் கண்காட்சிப் பரிசு, செய்து முடித்தவனுக்குப் போகிறது. செய்து முடிக்க இரண்டு பேரிங் இல்லாதவன் மேடைக்கே வருவதில்லை. அந்த இரட்டிப்புத் தொகையை வருஷ ஆரம்பத்தில், பத்துப் பேருக்குப் பிரித்து, ரசீது கேட்காமல் கொடுத்துப் பார்க்கலாமே?

இன்னும் இரண்டு செய்தி பாக்கி. ஹாரிசனின் பெரிய கடிகாரங்கள் நூறாண்டுக்கு மேல் கவனிப்பாரற்றுப் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தன. 1920-ல் ரூபர்ட் கோல்ட் என்ற கடற்படை அதிகாரி அவற்றைப் பார்த்தார். கடிகாரத் தொழில் பயிற்சி இல்லாதவர். சம்பளம் வேண்டாம், சுத்தம் செய்ய அனுமதி கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, பதின்மூன்று ஆண்டு உழைத்து ஓடவைத்தார். இன்று கிரீன்விச்சில் அவை ஓடுவதைப் பார்க்கலாம். மற்றொன்று: 1775-ல் ஹாரிசன் ஒரு நூல் எழுதி, தன் முறைப்படி ஊசல் கடிகாரம் செய்தால் நூறு நாளுக்கு ஒரு விநாடிதான் பிசகும் என்றார். கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிரித்தார்கள். 1970-களில் மார்ட்டின் பர்கெஸ் என்ற கைவினைஞர் அந்த முறையை நம்பி ஒரு கடிகாரத்தைத் தொடங்கினார். அது பல ஆண்டுகள் பாதியில் நின்று, பிறகு வேறு பலர் கைகொடுக்க முடிக்கப்பட்டது. 2015-ல் கிரீன்விச்சில் கண்ணாடிப் பெட்டிக்குள் முத்திரை வைத்து நூறு நாள் ஓடவிட்டார்கள். பிசகு விநாடியில் எட்டில் ஐந்து பங்கு.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் என் பட்டறையில் லேத் சும்மாதான் இருக்கிறது. டிராயிங் இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் சாக்பீஸால் தரையில் போட்டுக் காட்டினாலும் போதும். கிரஹாம் மாதிரி சாப்பாடு போட என்னால் ஆகாது. டீயும் முக்கு ஓட்டல் போண்டாவும் உண்டு.